கார் கதவுக் கண்ணாடியை ஏன் வெட்டி மாட்ட முடியாது?

வீட்டு ஜன்னலுக்குக் கண்ணாடியை அளவெடுத்து வெட்டி மாட்டுகிறோம். கார் கதவுக்கு அது ஏன் ஆகாது?

பெரும்பாலான கார்களில் கதவுக் கண்ணாடி டஃபன்டு கண்ணாடி. வடிவமாக வெட்டி, ஓரம் தீட்டி, துளையிட்ட பிறகே அதை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, வளைத்து, இருபுறமும் காற்றைப் பீய்ச்சிக் குளிர்விக்கிறார்கள். மேற்பரப்பு முந்தி இறுகிவிடும். உட்பகுதி மெதுவாக ஆறிச் சுருங்கும்போது மேற்பரப்பை உள்நோக்கி இழுக்கும். இதனால் வெளியே அழுத்தமும் நடுவே இழுவிசையும் நிரந்தரமாகத் தங்கிவிடுகின்றன. விரிசல் பரவ வேண்டுமானால் முதலில் அந்த அழுத்தத்தை மீற வேண்டும்; கண்ணாடியின் வலு அதில்தான் இருக்கிறது. விரிசல் நடுப்பகுதியைத் தொட்டுவிட்டாலோ, தேங்கிய ஆற்றல் மொத்தமும் விடுபட்டு, முழுக் கண்ணாடியும் கற்கண்டுபோல் உதிரும். வெட்ட முயன்றாலும் இதே கதிதான்.

சாதாரணக் கண்ணாடியை வெட்டலாம்; ஆனால் அது கூரிய நீளத் துண்டுகளாக உடைந்து ஆளைக் கிழித்துவிடும். அதைக் கதவில் பொருத்துவது ஆபத்து.

உடைந்த கதவுக் கண்ணாடியை எப்படி மாற்றுவது? உள்பலகையைக் கழற்றி, கதவின் அடியில் விழுந்த சில்லுகளை வாக்குவம் கிளீனரால் உறிஞ்ச வேண்டும். மிஞ்சினால் தண்ணீர் வடியும் துளைகள் அடைபட்டு, கதவு துருப்பிடிக்கும். அதே மாடலுக்கான கண்ணாடியை, அதை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரில் பிணைத்து, ரப்பர் பள்ளத்தில் கோணாமல் ஏறி இறங்குகிறதா என்று பார்த்த பிறகே போல்ட்டை இறுக்க வேண்டும். கோணினால் மழைநீர் கசியும், காற்று இரையும், மோட்டாரும் திணறும்.

வாங்கும்போது கண்ணாடியின் மூலையில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.