வெள்ளை மாளிகையின் கடன் கணக்கு

நம் பிள்ளைகள் வினாடி வினாப் போட்டிக்காக அமெரிக்க ஜனாதிபதிகளின் வரிசையை மனப்பாடம் செய்கிறார்கள். மிகக் குறைந்த நாள் பதவியில் இருந்தவர் யார்? வில்லியம் ஹென்றி ஹாரிசன், 1841-ல் 31 நாள். விட்டு விட்டு இரண்டு முறை வந்தவர்? க்ரோவர் க்ளீவ்லாண்ட், 2025-லிருந்து டிரம்ப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான்கு தடவை ஜெயித்தவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். அதற்கப்புறம் 1951-ல் சட்டத்திருத்தம் வந்து, ஒருவரை இரண்டு தடவைக்கு மேல் தேர்ந்தெடுக்க முடியாது என்றாகிவிட்டது. எல்லாம் சரி. வியாபாரியான எனக்கு வேறு கேள்விதான் முதலில் வருகிறது: இவர்களுக்குச் சம்பளம் என்ன? பதவி போன பிறகு ஜீவனத்துக்கு என்ன வழி?

1789-ல் சம்பளம் வருஷத்துக்கு 25,000 டாலர். அன்றைக்குப் பெரிய தொகைதான். ஆனால் விருந்து உபசாரம், வேலையாட்கள் செலவெல்லாம் அதிலிருந்தே. பதவிக்காலத்தின் நடுவில் இதைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்பது அரசியல் சட்டம். 1873-ல் 50,000 ஆயிற்று. 2001 முதல் 4 லட்சம். பென்ஷன் மட்டும் 1958 வரை கிடையாது.

மூன்றாவது ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சனைப் பாருங்கள். சொந்தக் கடன் ஒரு பக்கம், மாமனார் வழியில் வந்த கடன் மறுபக்கம். அது போதாதென்று நண்பர் ஒருவரின் 20,000 டாலர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். நண்பர் 1819-ல் நொடித்துப் போனார். 1826 ஜூலை 4-ல் ஜெஃபர்சன் இறந்தபோது கடன் ஒரு லட்சம் டாலருக்கு மேல். அந்தக் கடனுக்காக 1827 ஜனவரியில் அவருடைய மான்டிசெல்லோ பண்ணையில் ஏலம் நடந்தது. மேஜை நாற்காலி, ஆடு மாடுகளோடு அவருடைய அடிமைகள் சுமார் 130 பேரையும் ஏலத்துக்கு நிறுத்தினார்கள். குடும்பங்கள் பிரிந்து திசைக்கொன்றாகப் போயின. மனிதர் யாவரும் சமம் என்று சுதந்திரப் பிரகடனத்தில் எழுதியவரின் கடன், தாங்கள் வாங்காத கடன், அவர்கள் தலையில் விடிந்தது. இந்தக் கேள்வியை எந்த வினாடி வினாவிலும் நான் கேட்டதில்லை.

லிங்கனும் கடைக்காரர்தான். நியூ சேலம் என்ற சிற்றூரில் பெர்ரி என்ற பங்காளியோடு மளிகைக் கடை வைத்தார். கடை படுத்தது, 1835-ல் பங்காளியும் இறந்தார். லிங்கனின் குதிரையும் நில அளவைக் கருவிகளும் ஜப்தியாயின. ஒரு நண்பர் ஏலத்தில் எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். பங்காளியின் பாகத்தையும் சேர்த்துப் பல வருஷம் அடைத்தார் லிங்கன்.

மனதைத் தொடுவது யுலிசிஸ் கிராண்ட்டின் கதை. உள்நாட்டுப் போரில் வென்ற தளபதி. 1869 முதல் 1877 வரை ஜனாதிபதி. பிறகு மகன் பங்காளியாக இருந்த கம்பெனியில் தானும் பணம் போட்டுப் பெயரையும் கொடுத்தார். கணக்கைப் பார்த்தவர் ஃபெர்டினாண்ட் வார்ட். புதிதாகப் பணம் போட்டவரிடம் வாங்கிப் பழையவருக்கு லாபம் என்று கொடுப்பதுதான் அவர் நடத்திய வியாபாரம்! 1884 மே மாதம் வங்கியைக் காப்பாற்ற அவசரமாக 1,50,000 டாலர் வேண்டும் என்றார். கிராண்ட், கோடீஸ்வரர் வாண்டர்பில்ட்டிடம் போய்க் கைமாற்றாக வாங்கிக் கொடுத்தார். இரண்டே நாளில் எல்லாம் மூழ்கியது. வார்ட் சிறைக்குப் போனார். கிராண்ட் தன் வாட்கள், பதக்கங்கள் உட்பட எல்லாவற்றையும் வாண்டர்பில்ட் பெயருக்கு எழுதிக் கொடுத்தார்.

அதே வருஷம் தொண்டையில் புற்றுநோய். மனைவிக்கு என்ன வைத்துவிட்டுப் போவது? சுயசரிதை எழுத உட்கார்ந்தார். லாபத்தில் நூற்றுக்கு 70 பங்கு தருவதாக வந்தவர் எழுத்தாளர் மார்க் ட்வைன். அப்போது சொந்தப் பதிப்பகம் வைத்திருந்தார். பேச முடியாதபோது சீட்டில் எழுதிக் காட்டி வேலையை முடித்தார் கிராண்ட். முடித்த சில நாளில், 1885 ஜூலை 23-ல், இறந்தார். மனைவி ஜூலியாவுக்குப் புத்தகத்திலிருந்து கிடைத்தது 4 லட்சம் டாலருக்கு மேல்.

ஹாரி ட்ரூமன் 1919-ல் கன்சாஸ் நகரில் ஆண்கள் துணிக்கடை போட்டார். 1922-ல் மூடினார். பங்காளி பின்னர் திவால் மனு கொடுத்தார். ட்ரூமன் கொடுக்காமல் வருஷக்கணக்கில் அடைத்தார். 1953-ல் வெள்ளை மாளிகையை விட்டபோது அவருக்கிருந்த பென்ஷன், பழைய ராணுவச் சேவைக்கான மாதம் 112 டாலர் சொச்சம். கையில் அவர் சொன்னதைவிட அதிகம் சேமிப்பு இருந்தது என்று 2021-ல் ஒரு பேராசிரியர் கணக்குக் காட்டினார். எப்படியோ, அவர் நிலையை முன்வைத்துத்தான் 1958-ல் சட்டம் வந்து, மாஜி ஜனாதிபதிக்கு வருஷம் 25,000 டாலர் பென்ஷன் என்றாயிற்று. 1789-ல் வாஷிங்டனுக்குச் சம்பளமாக வைத்த அதே தொகை.