மலையடிவாரத்துக் கரடி

சுண்ணாம்புச் சூளைகளால் பெயர் பெற்ற சுனாபட்டியில், கோடை விடுமுறை நெருங்கினால் திருநெல்வேலிப் பயணமே பேச்சாகிவிடும். பாபநாசம், கடையம், ஆழ்வார்குறிச்சி என மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் சொந்த ஊர் உடைய வாசகர்களும் நம்மிடையே உண்டு. அங்குள்ள அண்டை வீட்டார் ஒருவரைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

2022 நவம்பரில் கடையம் அருகே கரடி தாக்கி மூவர் படுகாயமடைந்தனர். புலி, சிறுத்தைக்கு அஞ்சும் நாம் கரடியை ஏனோ வேடிக்கைப் பிராணியாகவே எண்ணிப் பழகிவிட்டோம். தெருவில் வித்தை காட்டிய கரடிகளும் அதற்கு ஒரு காரணமாகலாம்.

இமயமலைக் கருங்கரடியும் நம் பக்கத்துக் கரடியும் வெவ்வேறு இனங்கள். இரண்டுக்கும் கரிய உடல், மார்பில் வெளிறிய பிறை. கருங்கரடி குளிர்காலத்தில் குகையில் உறங்கிக் கிடக்கும். ஆண்டு முழுவதும் இரை கிடைப்பதால் நம் கரடிக்கு அந்த உறக்கம் தேவையில்லை. 1791-இல் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கிலேய அறிஞர், அதன் நீண்ட நகங்களைக் கண்டு, மரத்தில் தொங்கி வாழும் தென்னமெரிக்கச் சோம்பல் விலங்கின் இனமென்று தவறாக வகைப்படுத்தினார். ஆங்கிலத்தில் ‘சோம்பல் கரடி’ என்ற பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உண்மையில் அது மனிதனை ஓடிப் பிடித்துவிடும், மரமும் ஏறும்.

அதன் முதன்மை உணவு கறையான். புற்றை நகங்களால் பெயர்த்து, தூசியை ஊதித் தள்ளி, மூக்குத் துளைகளை மூடிக்கொண்டு உதடுகளைக் குழல்போல் குவித்து உறிஞ்சும். மேல்வரிசையில் நடுப்பற்கள் இரண்டு இல்லாத இடைவெளி அதற்கு வாகாக அமைந்துள்ளது. அவ்வோசை நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். தேன், நாவல், அத்தி, கொன்றைக் காய் ஆகியவற்றையும் விரும்பி உண்ணும். குட்டிகளை முதுகில் சுமந்து திரியும் கரடியினம் இது.

மோப்பம் கூர்மை, கண்பார்வை மந்தம். இரையில் மூழ்கியிருக்கையில் நாம் அருகில் சென்ற பின்னரே திடுக்கிடும். பெரும்பாலான தாக்குதல்கள் இவ்வாறே நேர்கின்றன. குட்டியுடன் இருக்கும் தாய் ஒதுங்கிப் போகும் என்று நம்புவதற்கில்லை.

ஆகவே அதிகாலையிலும் அந்தியிலும் தோட்டத்துப் பாதைகளில் தனியே செல்ல வேண்டாம். கையில் விளக்குடன், உரக்கப் பேசியபடி செல்க. பழக் கழிவுகளை வீட்டருகே கொட்டாதீர்கள். கோத்தகிரிப் பகுதியில் விளக்கெண்ணெயைத் தேடிக் கோயில் கதவுகளையே கரடிகள் உடைத்திருக்கின்றன. கரடியைக் கண்டால் கைப்பேசியில் படமெடுக்க நெருங்காமல் பின்வாங்கி, வனத்துறைக்குச் சொல்லுங்கள்.