பச்சைப் பட்டையைக் காணோம்!

"தம்பி, வாட்ஸ்அப்புல பச்சையக் காணோம். பேரன் சிங்கப்பூர்ல இருந்து கூப்புட்டா எப்படி எடுக்குறது?"

திருப்பத்தூர்ப் பேருந்து நிலையத்துப் பக்கம் உள்ள ஒரு ரீசார்ஜ் கடையில், 2024 கோடையில் ஓர் ஆச்சி கேட்ட கேள்வி இது. நான் சொல்வது மாவட்டத் தலைநகரான வடக்கத்தித் திருப்பத்தூர் அல்ல, பிள்ளையார்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் சிவகங்கைச் சீமையின் திருப்பத்தூர். கடைக்காரப் பையன் போனை வாங்கிப் பார்த்தான். "ஒண்ணும் ரிப்பேர் இல்ல ஆச்சி, அப்டேட்டு ஆகியிருக்கு. அதே வாட்ஸ்அப்புதான்" என்றான். ஆச்சிக்கு நம்பிக்கை வரவில்லை. "பழைய மாதிரியே ஆக்கிக் குடு" என்று மறுபடியும் நீட்டினார். பையனால் அது முடியவில்லை.

வீட்டுக்கு ஒருவராவது சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ இருக்கும் பகுதி இது. இங்கே வாட்ஸ்அப் என்பது பிள்ளைகளின் முகம் பார்க்கும் வழி. அந்த ஆண்டின் முதல் பாதியில் அந்தச் செயலி தன் தோற்றத்தையே மாற்றிக்கொண்டது. ஆண்ட்ராய்டு போன்களில் உச்சியில் இருந்த பச்சைப் பட்டை வெள்ளையானது, மேலே இருந்த பிரிவுகள் கீழே இறங்கின. ஐபோனில் நீலமாக இருந்த குறிகள் பச்சையாயின. நீலத்துக்குப் பழகிய ஐபோன்காரர்கள் பச்சை வேண்டாம் என்றார்கள். திருப்பத்தூர் ஆச்சி பச்சைதான் வேண்டும் என்றார். இரண்டு தரப்பும் கேட்டது ஒன்றைத்தான்: பழகியதை எடுக்காதீர்கள்.

இதைப் 'புதுசைக் கண்டால் முரண்டு பிடிக்கிறார்கள்' என்று ஒதுக்கிவிடுவது எளிது. அறிவியல் அப்படிச் சொல்லவில்லை.

நூறு பச்சைப் புள்ளிகளுக்கு நடுவே ஒரு சிவப்புப் புள்ளியை வைத்தால் கண் அதைத் தேடுவதே இல்லை, தானாகவே அதில் போய் விழுகிறது. பச்சைப் புள்ளிகளை இருநூறாக்கினாலும் கண்டுபிடிக்க ஆகும் நேரம் ஏறக்குறைய அதேதான். ஆன் டிரீஸ்மன், கேரி ஜெலேட் என்ற உளவியலாளர்கள் 1980-இல் இதை விரிவாக விளக்கினார்கள். எழுத்தையோ வடிவங்களின் சேர்க்கையையோ வைத்துத் தேடும்போது மூளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. ஒரே நிறத்தை வைத்துத் தேடும்போது அந்த வேலை இல்லை. 1998-இல் மார்வின் சுன், யூஹோங் ஜியாங் இருவரும் இன்னொன்றைக் காட்டினார்கள். ஒரே அமைப்பைத் திரும்பத் திரும்பப் பார்ப்பவர்கள், அது திரும்ப வருகிறது என்றே உணராமல், அதற்குள் இருக்கும் பொருளை வேகமாகக் கண்டுபிடிக்கிறார்கள். பயிற்சி நடந்தது அவர்களுக்கே தெரியாது.

ஆச்சிக்கு நடந்திருப்பதும் இதுதான். பல ஆண்டுகளாக அவர் திரையில் எதையும் படித்ததில்லை. பச்சைப் பட்டை தெரிந்தால் வாட்ஸ்அப், அதற்குக் கீழே பேரன் படம், அவ்வளவுதான் அவருடைய வழி. வாசிக்கத் தெரிந்தவருக்கு நிறம் போனாலும் எழுத்து கைகொடுக்கும். எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கு நிறம் போனால் பாதை முழுவதும் போய்விடுகிறது. கண்டாங்கிச் சேலையில் கரையின் சாயல் ஒரு பொட்டு மாறினாலும் கண்டுபிடிக்கிற ஊர்ப் பெண்களின் கண்ணைக் குறை சொல்ல யாருக்கும் தகுதி இல்லை.

வயதின் கணக்கு தனி. கண்ணுக்குள் இருக்கும் வில்லை ஆண்டுகள் ஏற ஏற மஞ்சள் பூக்கிறது. நீலமும் ஊதாவும் முதலில் மங்குகின்றன. கருநீலத்துக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் தெரியாமல் போகிறது. கண் பாவையும் சுருங்குவதால், இருபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போகும் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக்காரருக்குக் கிடைக்கிறது. மதுரைக்குப் போய்க் கண்புரை அறுவை செய்துகொண்டு வந்தவர்கள் "வெள்ளை வேட்டி நீலம் பாரிச்சுத் தெரியுது" என்று சொல்வதுண்டு. வேட்டி மாறவில்லை, மஞ்சளேறிய வில்லைக்குப் பதில் தெளிவான செயற்கை வில்லை வந்திருக்கிறது. இப்படிப்பட்ட கண்களுக்கு முன்னால் வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்தை வைப்பது அழகுணர்ச்சி ஆகாது, அக்கறைக் குறைவு. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிர்வு விகிதம் குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும், நிறத்தை மட்டுமே நம்பி எந்தத் தகவலையும் சொல்லக் கூடாது என்று உலக அளவிலான இணைய அணுகல் நெறிமுறைகள் வரையறுத்திருக்கின்றன. இதே நோக்கில் இந்தியத் தர நிர்ணய அமைவனமும் ஐஎஸ் 17802 என்ற தரநிலையை 2021-இல் வெளியிட்டது.

கறுப்புப் பின்னணிக்கு மாறினால் கண்ணுக்கு நல்லது என்று இளைஞர்கள் வீட்டுப் பெரியவர்களின் போனையும் மாற்றிவிடுகிறார்கள். இருட்டறையில் அது இதமாக இருக்கலாம். ஆனால் ஜெர்மன் ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வெள்ளையில் கறுப்பு எழுத்தைத்தான் இளையவர், முதியவர் இரு சாராருமே நன்றாகப் படித்தார்கள். நம் ஊர் மத்தியான வெயிலில் கறுப்புத் திரை கண்ணாடிபோல் முகத்தையே காட்டும். சார்ஜ் மிச்சமாகும் என்பதும் ஓஎல்இடி திரைகளுக்கு மட்டும்தான் பொருந்தும். அதிலும் வெளிச்சத்தை 30 முதல் 50 சதவீதத்தில் வைத்திருந்தால் மிச்சம் 3 முதல் 9 சதவீதமே என்று அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம் 2021-இல் அளந்து சொன்னது.

அடுத்த அதிர்ச்சி 2025 ஆகஸ்டில் வந்தது. கூகுளின் போன் செயலி வைத்திருந்த பலருக்கு, அழைப்பு வரும் திரையே ஒரு நாள் வேறாக இருந்தது. நிறம், பொத்தானின் வடிவம், அழைப்பை எடுக்கத் தள்ளும் திசை எல்லாம் ஒன்றாக மாறியிருந்தன. அப்டேட் எதுவும் செய்யவில்லையே, யாராவது ஹேக் செய்துவிட்டார்களா என்று பலர் பயந்தார்கள். உண்மையில் புதிய தோற்றத்துக்கான நிரல் முன்பே வந்த அப்டேட்டில் போனுக்குள் இறங்கித் தூங்கிக்கொண்டிருக்கும். நிறுவனம் தன் சர்வரிலிருந்து அதை எழுப்பிவிடுகிறது. பயனரின் விரல் எதையும் தொட வேண்டியதில்லை.

இந்தப் புதிய பாணியைக் கூகுள் சும்மா கொண்டுவரவில்லை. 46 ஆய்வுகள், 18,000-க்கும் மேற்பட்ட பங்கேற்பாளர்கள் என்று கணக்குச் சொல்கிறது. முக்கியமான பொத்தானைக் கண் நான்கு மடங்கு வரை விரைவாகக் கண்டுபிடித்ததாகவும் சொல்கிறது. பெரிய பொத்தான், அழுத்தமான நிறம் முதியவர்களுக்கு உதவும் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் நல்ல வடிவமைப்பைச் சொல்லாமல் கொள்ளாமல் ஒரே இரவில் கொண்டுவந்தால், பழகிய கை தவறிப்போகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வரும் அழைப்பு அந்த நேரத்தில் துண்டிக்கப்படலாம்.

எதிர்ப்பு தணிந்துவிடும் என்பது நிறுவனங்களுக்குத் தெரியும். ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்த்தாலே அதன்மேல் விருப்பம் வளரும் என்று ராபர்ட் ஸையன்ஸ் 1968-இலேயே சோதித்துக் காட்டினார். அதனால் பொறுத்திருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். இருபது வயதுக்கு இரண்டு நாளில் பழகுவது எழுபது வயதுக்கு இரண்டு மாதம் ஆகலாம். அதுவரை ஆச்சி ரீசார்ஜ் கடைக்கும் பக்கத்து வீட்டுப் பையனுக்கும் காத்திருக்க வேண்டும். பேரனோடு தனியாகப் பேசிக்கொண்டிருந்தவர் மறுபடி பிறர் கையை எதிர்பார்ப்பவர் ஆகிறார். எனக்குப் பொறுக்காதது இதுதான். மாற்றுங்கள், ஆனால் நிறத்தையும் இடத்தையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், பழைய தோற்றத்துக்குத் திரும்ப ஒரு வழியைச் சில மாதமாவது திறந்து வையுங்கள். டிஜிட்டல் வசதிகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் சொல்லியிருக்கும் நாட்டில் இது அதிகப்படியான கோரிக்கை ஆகாது.

உங்கள் வீட்டு ஆச்சி, ஐயாவின் போனை இன்று ஒருமுறை வாங்கிப் பாருங்கள். எழுத்தைப் பெரிதாக்குங்கள், பின்னணியை வெள்ளையாக்குங்கள், பிள்ளைகளின் எண்ணைப் படத்தோடு முகப்பிலேயே வைத்துக்கொடுங்கள். கூகுள் போன் செயலியின் அமைப்புகளில், அழைப்பைத் தள்ளி எடுப்பதா தொட்டு எடுப்பதா என்று தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது, அவருக்கு எது வசதியோ அதை வையுங்கள். மாற்றம் பிடிக்கவில்லை என்றால் பிளே ஸ்டோரில் கருத்து எழுதும் இடத்தில் தமிழிலேயே எழுதுங்கள். 2014 நவம்பரில் வாட்ஸ்அப் நீல டிக்கைக் கொண்டுவந்தபோது உலகெங்கும் எதிர்ப்பு கிளம்பியது, அதை அணைத்துவைக்கும் வசதி அதன் பிறகு விரைவிலேயே வந்தது.