நெயில் பாலிஷ் ரிமூவர் பட்டா பொம்மையே உருகிடும்! பழைய மினியேச்சரில் பெயின்ட்டை மட்டும் எடுப்பது எப்படி?

ஒரு விரல் உயரம்கூட இருக்காது. ஆனால் முகத்தில் தழும்பு, கவசத்தில் ஆணி, பெல்ட்டில் கொக்கி என எல்லாமே அச்சு அசலாக இருக்கும். வார்ஹாமர் போன்ற டேபிள்டாப் கேம்களில் பயன்படும் பிளாஸ்டிக் மினியேச்சர்கள் இப்படித்தான். பெரும்பாலும் சாம்பல் நிறத் துண்டுகளாக வரும். வாங்குபவரே ஒட்டி, பெயின்ட் அடிக்க வேண்டும்.

இதில் பெரிய பெயர், இங்கிலாந்தின் நாட்டிங்காமில் இருக்கும் கேம்ஸ் ஒர்க்‌ஷாப். 1975இல் தொடங்கிய இந்த நிறுவனம், 2024 டிசம்பரில் லண்டன் பங்குச் சந்தையின் எஃப்டிஎஸ்இ 100 பட்டியலுக்குள் நுழைந்தது. புதுப் பெட்டிகளின் விலை அதிகம் என்பதால், செகண்ட் ஹேண்ட் பொம்மைகளுக்கும் நல்ல கிராக்கி. தயாரிப்பு நின்றுபோன பழைய மாடல்கள் அங்கேதான் கிடைக்கும். சிக்கல் என்னன்னா, முன்பு வைத்திருந்தவர் தடிமனாக அடித்த பெயின்ட்டும் சேர்ந்தே வரும்.

அதன் மேலேயே புது பெயின்ட் அடிக்கக் கூடாதா? அடிக்கலாம். ஆனால் ஒவ்வொரு கோட்டிங்கும் அந்த நுணுக்கமான பள்ளங்களை நிரப்பிவிடும். நாலைந்து கோட்டிங் ஏறினால் மூக்கும் கன்னமும் ஒன்றாகிவிடும். அதனால்தான் பழைய பெயின்ட்டை எடுப்பது இந்த ஹாபியில் ஒரு தனி வேலையாகவே இருக்கிறது.

பெயின்ட்டும் பிளாஸ்டிக்தான்!

இந்த வேலையில் பலர் கவனிக்காத விஷயம் இது. மினியேச்சருக்கு அடிக்கும் பெயின்ட் பெரும்பாலும் அக்ரிலிக். பாட்டிலில் இருக்கும்போது தண்ணீரில் கரையும். காய்ந்த பிறகு அது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம். அதற்கு அடியில் இருக்கும் பொம்மை, பாலிஸ்டைரீன் என்ற இன்னொரு பிளாஸ்டிக். ஆக, ஒரு பிளாஸ்டிக் மேல் இருந்து இன்னொரு பிளாஸ்டிக்கை எடுக்கிறோம். “எது ஸ்ட்ராங்கான ரிமூவர்?” என்ற கேள்வியே இங்கே தப்பு. “எது பெயின்ட்டைத் தாக்கும், பொம்மையைத் தாக்காது?” என்றுதான் கேட்க வேண்டும்.

பாலிஸ்டைரீன் நமக்குப் புதுசு இல்லை. அதை நுரைக்க வைத்தால் தெர்மாகோல். தெர்மாகோல் மேல் நெயில் பாலிஷ் ரிமூவர் நாலு சொட்டு விட்டால் ‘புஸ்’ என்று அமுங்கிவிடும். காரணம், அதிலுள்ள அசிட்டோன். மினியேச்சரை அசிட்டோனில் போட்டாலும் இதே கதைதான். முதலில் முகம் வழுக்கையாகும், அப்புறம் பொம்மையே கொழகொழவென்று ஆகிவிடும். டொலுவீன் கலந்த தின்னர், பெட்ரோல் எல்லாமே இந்த லிஸ்ட்டில்தான். பிளாஸ்டிக் மாடல்களை ஒட்டும் பசைகூட, இரண்டு பக்கத்தையும் லேசாக உருக்கித்தான் ஒட்டுகிறது.

அப்போ எது வேலைக்கு ஆகும்?

*ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்:* இன்று அதிகம் பேர் கைவைப்பது இதில்தான். மொபைல் சர்வீஸ் கடைகளில் போர்டைத் துடைக்கப் பயன்படுத்துகிறார்களே, அதே திரவம். தண்ணீர் குறைவாக இருக்கும் 99% வகை வேகமாக வேலை செய்யும். அக்ரிலிக் படலத்துக்குள் புகுந்து அதை உப்ப வைக்கும். படலம் சுருங்கி, பிடி விட்டுவிடும். பாலிஸ்டைரீனை அது பொதுவாகக் கரைப்பதில்லை.

*டெட்டால்:* ஆமா, அதே டெட்டால்தான். பிரிட்டன் ஹாபிக்காரர்களின் பழைய வைத்தியம் இது. தண்ணீர் கலக்காமல் ஊற வைப்பார்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது: ஊறிய பொம்மையை நேரா குழாயடியில் காட்டினால், கழன்ற பெயின்ட் பசை மாதிரி மீண்டும் ஒட்டிக்கொள்ளும். முதலில் புது டெட்டாலிலேயே அலசிவிட்டு, பிறகுதான் சோப்புத் தண்ணீர். வாசனை பல நாள் போகாது. வீட்டில் பூனை இருந்தால் இந்த வழியே வேண்டாம். டெட்டாலில் உள்ள குளோரோசைலெனால் பூனைகளுக்கு விஷம்.

*பிரேக் ஆயில்:* ஆல்கஹாலுக்கு எளிதில் மசியாத எனாமல் பெயின்ட்டை எடுக்க, முன்பு பல மாடல் பிரியர்கள் பயன்படுத்தியது. கிளைக்கால் ஈதர் கொண்ட டாட் 3 வகை வேலை செய்யும். சிலிக்கான் கொண்ட டாட் 5 செய்யாது. தோலுக்கு ஆகாது, கழுவுவதும் கஷ்டம். வேறு வழி இருக்கும்போது இது தேவையில்லை.

ஸ்டெப் பை ஸ்டெப்

1. பொம்மை எதில் செய்தது என்று பாருங்கள். லேசான, கொஞ்சம் வளையும் பிளாஸ்டிக் என்றால் பெரும்பாலும் பாலிஸ்டைரீன். ரெசின் பொம்மைகள் ஆல்கஹாலில் அதிக நேரம் ஊறினால் மென்மையாகலாம், விரிசலும் விடலாம். விமானத்தின் கண்ணாடி மூடி போன்ற ஒளி ஊடுருவும் பாகங்களை ஊற வைக்கவே வேண்டாம்.

2. அடிப்பாகத்தில் ஒரு சொட்டு விட்டு அரை மணி நேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் அந்தத் திரவம் அதற்கு ஆகாது.

3. மூடியுள்ள கண்ணாடி ஜாரில் பொம்மை மூழ்கும் அளவு ஆல்கஹால் ஊற்றி மூடுங்கள். சில மணி நேரம் போதும். அசையாத பெயின்ட்டுக்கு ஒரு நாள்.

4. பழைய டூத்பிரஷால் மெதுவாகத் தேயுங்கள். போகாத இடத்துக்கு மீண்டும் ஊற வையுங்கள். கத்தியால் சுரண்டினால் கீறல் நிரந்தரம்.

5. சோப்புத் தண்ணீரில் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கள். அப்புறம் பிரைமர்.

இதுல ரிஸ்க் இருக்கா?

இருக்கு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலின் ஆவி சுமார் 12 டிகிரி செல்சியஸிலேயே தீப்பிடிக்கும். நம்ம ஊர் அறை வெப்பநிலை எப்போதும் அதற்கு மேல்தான். ஜன்னலைத் திறந்து வையுங்கள். அடுப்பு, விளக்கு, சிகரெட் பக்கத்தில் கூடாது. சீக்கிரம் ஆகட்டும் என்று சூடாக்குவது கூடவே கூடாது. நைட்ரைல் கிளவுஸும் கண்ணாடியும் அவசியம்.

வீட்டுக்கு அடிக்கும் பெயின்ட்டை எடுக்க விற்கும் கடும் ரிமூவர்கள் பக்கமே போகாதீர்கள். அவற்றில் சிலவற்றில் இருந்த டைகுளோரோமீத்தேன் பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும் என்பது சின்ன பிரச்சினை. மூடிய அறையில் அதன் ஆவி உயிரையே எடுத்திருக்கிறது. பல மரணங்களுக்குப் பிறகு 2019இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, பொதுமக்களுக்கு விற்கும் பெயின்ட் ரிமூவர்களில் இதைத் தடை செய்தது.

பல பத்தாண்டு பழைய பொம்மை என்றால் பெயின்ட்டிலோ உலோகத்திலோ ஈயம் இருக்கலாம். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். தூசி நுரையீரலுக்குப் போகும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வேலை செய்யுங்கள். ஒரு திரவத்தோடு இன்னொன்றைக் கலக்காதீர்கள், குறிப்பாக பிளீச்சை.

பயன்படுத்திய ஆல்கஹாலை சிங்க்கில் கொட்ட வேண்டாம். ஜாரை மூடி வைத்தால் பெயின்ட் அடியில் படியும். தெளிந்ததை அடுத்த முறைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியா ஒண்ணு. கவசத்தின் இடுக்கில் கொஞ்சம் சிவப்போ நீலமோ மிச்சம் இருந்தால் கவலைப்படாதீர்கள். பிரைமர் அடித்தால் அது மறைந்துவிடும். மூக்கு, கண், கொக்கி தெளிவாகத் தெரிகிறதா? அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.