பரணில் தூங்கும் வால்வு ரேடியோ... பிளக்கில் சொருகும் முன் ஒரு நிமிஷம்!

திருவாலங்காட்டில் இருக்கும் எங்கள் ஆயா வீட்டுக்கு வெள்ளையடிக்க, போன மாதம் பரணைக் காலி செய்தோம். பித்தளை அண்டாவுக்குப் பின்னால், கோணிச் சாக்கில் சுற்றியபடி இருந்தது தாத்தாவின் வால்வு ரேடியோ. மரப்பெட்டி, துணி போர்த்திய முகப்பு, கண்ணாடி டயல். ஆயா புடவைத் தலைப்பாலேயே தூசியைத் துடைத்தார். “இதுல ஒரு தடவ சத்தம் கேட்டுட்டா போதும்டி” என்றார். அவருக்கு வயது 84.

“இதோ போடறேன் ஆயா” என்று தம்பி ஒயரை எடுத்தான். வேலையைப் பார்க்க வந்திருந்த பக்கத்துத் தெருப் பெரியவர், “டேய், கைய எடு!” என்று கத்தினார். அவர் அந்தக் காலத்து ரேடியோ மெக்கானிக். பாட்டு வந்ததோ இல்லையோ, அன்று ஒரு விபத்து தவிர்ந்தது.

ஏன் உடனே போடக்கூடாது?

சென்னை வானொலி நிலையம் 1938-ம் ஆண்டு ஜூன் 16-ம் தேதி தொடங்கியது. டிரான்சிஸ்டர் பரவும்வரை வீடுகளில் பாடியது வால்வு ரேடியோதான். வால்வுக்குள் இருக்கும் இழை சூடேறினால்தான் ரேடியோ வேலை செய்யும். ஸ்விட்ச் போட்டதும் பாட்டு வராமல், கொஞ்ச நேரம் காத்திருந்தது இதனால்தான்.

இந்த வால்வுகளுக்கு 200 முதல் 300 வோல்ட் வரை டி.சி. மின்சாரம் தேவை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்சர்களில் அது தங்கியிருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஏ.சி./டி.சி. மாடல்களில் ஆபத்து இன்னும் அதிகம். உள்ளே இருக்கும் இரும்புத் தட்டிலேயே வீட்டு மின்சாரம் நேராகப் பாயக்கூடும்.

பல வருடம் சும்மா கிடந்த ரேடியோவில் ஒயரின் ரப்பர் உறை பொடிந்திருக்கும், எலி கடித்திருக்கும், கண்டென்சர்கள் காய்ந்திருக்கும். அப்படியே மின்சாரம் கொடுத்தால் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும். அதற்கு மாற்று கிடைப்பது குதிரைக்கொம்பு.

முதலில் சீரிஸ் பல்பு

பெரியவர் முதலில் மெயின் ஒயரை மாற்றி, ஒரு ஃபியூஸ் சேர்த்தார். அடுத்து 60 வாட் குண்டு பல்பு ஒன்றை ரேடியோவோடு தொடராக இணைத்தார். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. பல்பு முதலில் பளிச்சென்று எரிந்து மங்கினால் பெரிய கோளாறு இல்லை. பிரகாசமாகவே எரிந்துகொண்டிருந்தால் உள்ளே ஷார்ட். எங்கள் பல்பு மங்கவே இல்லை!

காரணம், ஃபில்டர் கண்டென்சர். மின்சார ரயிலில் சென்னை போய், ரிச்சி தெருவில் புதிது வாங்கி வந்தேன். “பெருசா போட்டா நல்லா பாடும்னு நினைக்காத பாப்பா” என்றார் பெரியவர். பழைய அளவைவிடப் பல மடங்கு பெரிதாகப் போட்டால் ரெக்டிஃபையர் வால்வு தாங்காது. பிளஸ், மைனஸ் மாறினால் கண்டென்சர் வெடித்துவிடும்.

அறிகுறி சொல்லும் கோளாறு

* எந்த வால்வும் எரியவில்லை: ஃபியூஸ், ஸ்விட்ச், ஒயரைப் பாருங்கள். ஏ.சி./டி.சி. மாடலில் வால்வுகளின் இழைகள் கோயில் திருவிழா சீரியல் பல்பு மாதிரி வரிசையாக இணைந்திருக்கும். ஒன்று போனாலும் எல்லாமே அணைந்துவிடும்.
* ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல்: ஃபில்டர் கண்டென்சர் காய்ந்திருக்கலாம்.
* வால்வு எரிகிறது, சத்தம் இல்லை: ஸ்பீக்கரோடு சேர்ந்த அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் கம்பிச்சுற்று அறுந்திருக்கலாம்.
* திருகும்போது கரகர சத்தம்: வால்யூம் கண்ட்ரோலிலும் வால்வு கால்களிலும் அழுக்கு. கான்டாக்ட் கிளீனர் போதும்.
* குரல் கரகரக்கிறது, அவுட்புட் வால்வு அளவுக்கு மீறிச் சுடுகிறது: கப்ளிங் கண்டென்சர் கசிகிறது. உடனே அணையுங்கள்.

ஃபில்டரை மாற்றிய பிறகு எங்கள் ரேடியோவில் வந்தது இந்தக் கடைசிக் கோளாறுதான். மல்டிமீட்டரில் பார்த்தபோது, அவுட்புட் வால்வின் கிரிட்டில் இருக்கக்கூடாத பிளஸ் வோல்டேஜ் இருந்தது. பழைய மெழுகுக் காகித கண்டென்சரைக் கழற்றிவிட்டு, அதே அளவில் 630 வோல்ட் பாலியெஸ்டர் கண்டென்சரை வைத்துப் பற்றவைத்தார் பெரியவர். வோல்டேஜ் சரியானது.

நீங்கள் செய்யலாமா?

தூசி தட்டலாம், பெட்டிக்கு பாலிஷ் போடலாம். எந்த வால்வு எந்த இடத்தில் இருந்தது என்று செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். மின்சார வேலை தெரியாவிட்டால் பின்பக்க அட்டையைக் கழற்றிக் கை வைக்காதீர்கள். தெரிந்தவர்களும் பிளக்கைப் பிடுங்கி, கண்டென்சரை ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீட்டரில் சரிபார்த்த பிறகே தொட வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து வடிப்பது ஆபத்து.

சனிக்கிழமை சாயங்காலம் மாடியில் ஏரியல் ஒயர் கட்டி, முள்ளை 720-க்குத் திருப்பினோம். வெறும் கொரகொரப்பு. பெரியவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, என் செல்போன் சார்ஜரைப் பிடுங்கச் சொன்னார். பிடுங்கினேன். இரைச்சல் விலகி, தெளிவாக ஒரு குரல் வந்தது.

பாட்டு இல்லை, செய்தி. “ஐயோ, பாட்டு வரலையே ஆயா” என்றேன்.

“சும்மா இரு. உங்க தாத்தா செய்திதான் கேப்பாரு” என்று சொல்லி, பாயை ரேடியோ பக்கம் நகர்த்திப் போட்டு உட்கார்ந்தார் ஆயா.