இறக்கைக்குள் எவ்வளவு மரம் வேண்டும்?

ஆஸ்டின் டவுன் சுட்டிகளே! விமானம் இரைந்து போனால் அண்ணாந்து பார்ப்பீர்கள்தானே? "அந்த இறக்கைக்குள்ளே என்ன இருக்கும்?" என்று கேட்கத் தோன்றியவர்களுக்கு ஒரு சபாஷ்! வாருங்கள், குட்டி இறக்கை ஒன்றைக் கட்டிப் பார்ப்போம்.

மாதிரி விமானத்துக்குப் பிடித்த மரம் பால்சா. ஈக்வடார் நாட்டில் நிறைய வளர்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் 1000 கிராம். அதே அளவு பால்சாக் கட்டை சுமார் 160 கிராம்தான்! அதன் செல்கள் பெரியவை, சுவர்கள் மெல்லியவை. மரம் காய்ந்தால் உள்ளே பெரும்பாலும் காற்றுதான்.

அப்படியானால் ஒரு பலகையை இறக்கையாகச் செதுக்கிவிடலாமே? வேண்டாம் கண்ணுகளா. 60 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 1 செ.மீ. கனம் உள்ள பலகையே சுமார் 100 கிராம் வரும். குட்டி விமானத்துக்கு அது பெரும் சுமை. எங்கே மரம் தேவையில்லை?

ஒரு நீள ரப்பரை எடுங்கள். அதன் பக்கவாட்டில் மேலிருந்து கீழாகச் சில கோடுகள் போடுங்கள். இரு முனைகளையும் மேல்நோக்கி வளையுங்கள். மேலே கோடுகள் நெருங்குகின்றன. கீழே விலகுகின்றன. நடுவில்? மாற்றமே இல்லை! பறக்கும் இறக்கையும் இப்படித்தான் வளையும். மேல்பக்கம் நசுங்கும், கீழ்ப்பக்கம் இழுபடும். நடுவில் வேலை குறைவு. புரிந்ததா?

அதனால் மேலே ஒரு மெல்லிய சட்டம், கீழே ஒன்று. இவைதான் 'ஸ்பார்'. இரண்டுக்கும் நடுவே மெல்லிய பால்சாத் தகடு. சட்டத்தில் மர நார் நீளவாக்கில் ஓடட்டும். குறுக்கே ஓடினால் பட்டென்று முறியும்.

இறக்கைக்கு வளைவு தருபவை 'ரிப்'கள். வரைபடத்தின் மேல் மெழுகுத்தாள் விரித்து, கீழ்ச் சட்டத்தைக் குண்டூசியால் நிறுத்தி, ரிப்களை வரிசையாக ஒட்டுங்கள். பிளேடு பிடிக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். மேல் சட்டமும் முன், பின் ஓரக் குச்சிகளும் சேர்ந்ததும் டிஷ்யூ தாள் ஒட்டி, லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். காய்ந்ததும் தாள் மேளத்தோல்போல் விறைத்துக்கொள்ளும்.

பழைய விமான நிலையச் சாலையில் எச்.ஏ.எல். அருங்காட்சியகம் இருக்கிறதே, அங்கே எச்.டி.-2 விமானத்தைப் பாருங்கள். வி.எம். காட்கே தலைமையில் நம் பெங்களூரிலேயே வடிவமைத்தது. 1951 ஆகஸ்ட் 5-ல் முதன்முதலில் பறந்தது. அது உலோக விமானம். ஆனாலும் உள்ளே அதே ஸ்பார், அதே ரிப்! இறக்கைத் தகட்டில் ரிவெட் வரிசைகளைத் தேடுங்கள். உள்ளே சட்டங்கள் ஓடும் இடத்தை அவையே காட்டிக்கொடுக்கும். எது ஸ்பார், எது ரிப் என்று கூட வந்தவர்களுக்கு நீங்களே சொல்லிக்கொடுங்கள்!