விதிகளை எழுதுவது யார்? தனியாளாகக் கணினி விளையாட்டு உருவாக்கத் தொடங்குவோர் அறிய வேண்டியவை

அமெரிக்காவில் சுருக்கெழுத்தாளராகப் பணியாற்றிய எலிசபெத் மேகி என்ற பெண், 1904ஆம் ஆண்டு ஓர் அட்டை விளையாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். ‘நிலக்கிழாரின் விளையாட்டு’ என்பது அதன் பெயர். நிலத்தைக் கையில் வைத்திருப்பவர் உழைக்காமலேயே வாடகையால் எவ்வாறு கொழுக்கிறார், நிலமற்றவர் ஓடி ஓடி உழைத்தும் எவ்வாறு வறியவராகிறார் என்பதை ஆடுபவர்கள் தாமே உணரும்படி அவர் அதன் விதிகளை அமைத்தார். ஒருவர் மட்டும் வெல்லும் ஏகபோக விதிகள், உருவாகும் செல்வத்தில் அனைவருக்கும் பங்கு கிடைக்கும் விதிகள் என இரண்டு வகை விதிகளை அவர் அதற்கு வகுத்திருந்தார்.

1935இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் ‘மோனோபோலி’ என்ற விளையாட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதைக் கண்டுபிடித்தவர் சார்லஸ் டாரோ என்பவர் என அந்நிறுவனம் சொன்னது. மேகியின் காப்புரிமையையும் அது 500 டாலருக்கு வாங்கிக்கொண்டது. விற்பனையில் அவருக்குப் பங்கு எதுவும் இல்லை. அனைவருக்கும் பங்கு தரும் விதிகள் மறைந்துபோயின. ஏகபோக விதிகள் மட்டும் உலகெங்கும் பரவின. நம் ஊர்க் கடைகளில் ‘பிசினஸ்’ என்ற பெயரில் கிடைக்கும் அட்டை விளையாட்டு அதன் வழித்தோன்றல்தான். 1970களில் ரால்ஃப் அன்ஸ்பாக் என்ற பொருளியல் பேராசிரியர் அந்நிறுவனத்தோடு நடத்திய வழக்கின்போதுதான் மேகியின் பங்களிப்பு மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது.

கணினி விளையாட்டு உருவாக்கக் கற்றுக்கொள்ள விரும்பும் நம் மாணவர்களுக்கு இந்த வரலாற்றில் இரண்டு பாடங்கள் உள்ளன. விளையாட்டின் விதிகள் சமூகத்தைப் பற்றிய ஒரு வாதத்தை முன்வைக்க வல்லவை என்பது முதலாவது. அந்த விதிகளை எழுதியவர் தம் உரிமையைக் காத்துக்கொள்ளாவிட்டால், அந்த வாதமே தலைகீழாக்கப்பட்டு விற்கப்படும் என்பது இரண்டாவது.

விதியே வாதம்

வைகுண்ட ஏகாதசி இரவில் ஆடப்படும் பரமபதத்தை எடுத்துக்கொள்வோம். நல்வினை செய்தவர் ஏணியில் ஏறுகிறார். தீவினை செய்தவர் பாம்பின் வாயில் விழுகிறார். எல்லோரும் ஒரே கட்டத்தில் தொடங்குகிறார்கள், எல்லோர் கையிலும் ஒரே தாயக்கட்டை. உயர்வுக்கும் தாழ்வுக்கும் அவரவர் வினையே காரணம் என்ற கருத்தை யாரும் பிரசங்கம் செய்யாமலேயே குழந்தைகள் ஆடிக் கற்றுக்கொள்கிறார்கள். சாதியச் சமூகத்தில் எல்லோரும் ஒரே கட்டத்தில் தொடங்குவதில்லை. அண்ணல் அம்பேத்கர் விளக்கிய படிநிலைச் சமத்துவமின்மையை ஒரு பலகையில் வரைந்தால், சிலருக்கு ஏணிகளே இல்லாத பலகையும் சிலருக்குப் பாம்புகளே இல்லாத பலகையும்தான் கிடைக்கும்.

2013இல் வெளிவந்த ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ என்ற கணினி விளையாட்டை லூகஸ் போப் என்ற ஒற்றை மனிதர் பெரும்பாலும் தனியாகவே உருவாக்கினார். கற்பனையான ஒரு சர்வாதிகார நாட்டின் எல்லைச் சாவடியில் கடவுச்சீட்டுகளைச் சரிபார்க்கும் அதிகாரியாக நாம் அமர்கிறோம். தவறாக ஒருவரை உள்ளே விட்டால் ஊதியம் குறையும். ஊதியம் குறைந்தால் வீட்டில் குழந்தை பட்டினி கிடக்கும். கொடியவன் எவனும் தேவையில்லாமல், ஆவணங்களும் அபராதங்களும் மட்டுமே ஒரு சாதாரண மனிதனை எவ்வாறு இரக்கமற்றவனாக்குகின்றன என்பதை அந்த விளையாட்டு காட்டிவிடுகிறது. அதன் படங்கள் எளியவை. அதன் வலிமை விதிகளில் உள்ளது.

இந்தியாவிலிருந்து உலகச் சந்தைக்குச் செல்லும் விளையாட்டுகளில் புராணங்களை நாடுபவை உண்டு. புனேயைச் சேர்ந்த நிறுவனம் ஒன்று 2020இல் வெளியிட்ட ‘ராஜி’ அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. வேறு வழியும் உண்டு. டொராண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் என்ற சிறு குழு 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’, கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்த் தாயின் சமையலையும் குடும்பத்தையும் மையமாகக் கொண்டது. 2024இல் அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருதையும் பெற்றது. ஒரு தமிழ்க் குடும்பத்தின் அடுப்படி உலகம் ஆடும் விளையாட்டாக முடியுமென்றால், சேரியின் அடுப்படியும், பஞ்சமி நிலத்தின் வரப்பும், வட்டாட்சியர் அலுவலகத்தின் வரிசையும் ஆக முடியும்.

முதல் விளையாட்டு: ஒரு மாதிரி

நிரலாக்கம் என்றவுடன் கணிதமும் ஆங்கிலமும் அச்சுறுத்துகின்றன. உண்மையில் தொடக்க நிலையில் தேவைப்படுபவை மூன்றே கருத்துகள்: மாறி, நிபந்தனை, லூப். பழங்குடி மாணவி ஒருத்தி சாதிச் சான்றிதழ் பெற முயலும் கதையை வைத்து இவற்றை விளக்கலாம். தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கான சான்றிதழை வழங்குபவர் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் என்பதும், அதற்காக இருளர், காட்டுநாயக்கர் போன்ற மக்கள் ஆண்டுக்கணக்கில் அலைகிறார்கள் என்பதும் இத்தளத்தின் வாசகர்கள் அறிந்தவையே.

மாறி என்பது மாறக்கூடிய ஓர் எண்ணை இட்டு வைக்கும் பெட்டி. நம் விளையாட்டில் மூன்று பெட்டிகள் போதும்: கல்லூரிச் சேர்க்கைக்கு மீதமுள்ள நாட்கள், வீட்டின் கையிருப்பு, கையில் உள்ள ஆவணங்கள். நிபந்தனை என்பது ‘இப்படி இருந்தால் இதைச் செய், இல்லையேல் அதைச் செய்’ என்னும் கட்டளை. ஆவணங்கள் முழுமையாக இருந்தால் கள விசாரணைக்குச் செல்லலாம். இல்லையேல் திரும்பி வர வேண்டும். லூப் என்பது ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்விப்பது. ஒவ்வொரு முறை அலுவலகம் செல்லும்போதும் ஒரு நாள் கழிகிறது, தாயின் ஒரு நாள் கூலி கழிகிறது, பேருந்துக் கட்டணம் கழிகிறது. நாட்கள் தீரும்வரை இது தொடர்கிறது.

இதோடு தாயக்கட்டையைப் போலத் தற்செயல் எண் ஒன்றைச் சேர்த்தால், அதிகாரி இருக்கையில் இல்லாத நாட்களும் வந்துவிடும். உறவினர் ஒருவரிடம் ஏற்கெனவே சான்றிதழ் இருக்கும் மாணவிக்கும் இல்லாத மாணவிக்கும் ஆவணப் பெட்டியின் தொடக்க எண்ணை வெவ்வேறாக வைத்துப் பாருங்கள். ஒரே உழைப்பு, ஒரே அதிர்ஷ்டம்; முடிவுகள் மட்டும் வேறாகும். ஓர் உண்மை அறியும் குழுவின் நாற்பது பக்க அறிக்கை சொல்ல முயல்வதை ஆடுபவர் பத்து நிமிடத்தில் உணர்ந்துவிடுவார். எழுதி முடித்தபின் அவ்வாறு அலைந்த குடும்பங்களிடமே அதை ஆடக் கொடுத்துத் திருத்தங்களைக் கேட்க வேண்டும். அவர்களே இந்த விளையாட்டின் நிபுணர்கள்.

இத்தகைய கிளைக்கதை விளையாட்டுக்கு ‘ட்வைன்’ என்ற இலவச மென்பொருள் போதும். 2009இல் கிறிஸ் கிளைமாஸ் வெளியிட்ட இது உலாவியிலேயே இயங்கும். அதிகத் திறனுள்ள கணினி தேவையில்லை. பெருநிறுவனங்களின் வாயிலுக்கு வெளியே நின்ற திருநர், குயர் எழுத்தாளர்கள் பலர் தங்கள் வாழ்வை விளையாட்டாக்கியது இந்தக் கருவியில்தான். உருவங்கள் நகரும் விளையாட்டு வேண்டுமென்றால் அடுத்த படியாக ‘கோடோ’ என்ற கேம் என்ஜினுக்குச் செல்லலாம். அதன் நிரல்மொழி பைத்தானைப் போன்ற எளிய அமைப்புடையது. தமிழில் எழுத விரும்புவோர் அதன் நான்காம் பதிப்பையோ அதற்குப் பிந்தையதையோ பயன்படுத்த வேண்டும். முந்தைய பதிப்புகளில் கொம்பும் காலும் இடம் மாறி விழும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருக்களை விளையாட்டோடு சேர்த்து விநியோகிக்க அவற்றின் உரிமம் இடமளிக்கிறது.

கருவியும் உரிமமும்

கருவியைத் தேர்ந்தெடுப்பது ஒரு சட்டச் செயலும் ஆகும். யூனிட்டி என்ற புகழ்பெற்ற கேம் என்ஜினின் நிறுவனம், 2023 செப்டம்பரில் ஒரு புதிய கட்டணத்தை அறிவித்தது. குறிப்பிட்ட வருவாயையும் எண்ணிக்கையையும் தாண்டிய விளையாட்டுகள், ஒவ்வொரு முறை ஒருவர் கருவியில் நிறுவப்படும்போதும் கட்டணம் செலுத்த வேண்டும் என்பது அதன் சாரம். ஏற்கெனவே வெளிவந்த விளையாட்டுகளும் அதில் சிக்கின. படைப்பாளிகளின் கடும் எதிர்ப்பால் நிறுவனம் விதிகளைத் தளர்த்தியது. தலைமை அதிகாரி பதவி விலகினார். 2024 செப்டம்பரில் அந்தக் கட்டணமே கைவிடப்பட்டது. குத்தகை நிலத்தில் வீடு கட்டியவரின் நிலை எத்தகையது என்பதைப் பல்லாயிரம் படைப்பாளிகள் ஓரிரவில் கற்றுக்கொண்டார்கள்.

அர்ஜென்டினாவில் தோன்றி 2014இல் திறந்த மூலமாக்கப்பட்ட கோடோ, எம்.ஐ.டி. உரிமத்தின்கீழ் வழங்கப்படுகிறது. அந்த உரிமத்தின் அறிவிப்பை விளையாட்டோடு சேர்த்துத் தந்தால் போதும். கட்டணமும் இல்லை, வருவாயில் பங்கும் இல்லை. இணையத்தில் கிடைக்கும் படங்களுக்கும் இசைக்கும் இதே கவனம் தேவை. சிசி0 என்று குறிக்கப்பட்டவற்றை எதற்கும் பயன்படுத்தலாம். சிசி பிஒய் என்றிருந்தால் படைப்பாளியின் பெயரைக் குறிப்பிட வேண்டும். என்சி என்ற எழுத்துகள் இருந்தால் வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது.

படைப்பு யாருக்குச் சொந்தம்?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே வரையறுக்கிறது. நீங்கள் எழுதிய கணமே உரிமை பிறந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. ஆயினும் நான்கு செய்திகளை நினைவில் இருத்த வேண்டும்.

ஒன்று, பிரிவு 17(சி)யின்படி, ஊழியராக இருந்து பணியின்போது உருவாக்கும் படைப்புக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாதபோது, வேலை கொடுத்தவரே முதல் உரிமையாளர். எனவே அலுவலக நேரத்தில், அலுவலகக் கணினியில் உங்கள் சொந்த விளையாட்டை எழுதாதீர்கள். பணி ஒப்பந்தத்தில் வேறு நிபந்தனைகள் உள்ளனவா என்றும் பாருங்கள்.

இரண்டு, பிரிவு 19இன்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருந்து, கையொப்பமும் இடப்பட்டிருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடப்படவில்லையெனில் ஐந்து ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிப்பிடப்படவில்லையெனில் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். வாய்மொழி வாக்குறுதியை நம்பி நிரலைக் கொடுக்காதீர்கள். போட்டிகளில் பங்கேற்குமுன் படைப்பின் உரிமை அமைப்பாளருக்குச் செல்கிறதா என்று விதிமுறைகளைப் படியுங்கள். நண்பர் கைம்மாறின்றி வரைந்து தரும் ஓவியம் அவருக்கே சொந்தம். அதற்கும் எழுத்தில் ஒப்புதல் பெறுங்கள்.

மூன்று, உரிமையை விற்றுவிட்டாலும், இந்தப் படைப்பை ஆக்கியவர் நான் என்று கோரும் உரிமை பிரிவு 57இன்படி உங்களிடமே இருக்கும்.

நான்கு, கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, வெளிப்பாட்டுக்கே உண்டு. உச்ச நீதிமன்றம் 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் இதைத் தெளிவாக்கியது. ஆகவே, உங்கள் விளையாட்டின் கருத்தைப் பிறர் எடுத்துக்கொள்ளலாம். நிரலையும் உரையையும் ஓவியத்தையும் எடுத்துக்கொள்ள முடியாது.

சொந்தப் பெயரில் வெளியிட்டால் சாதிய வசவு வருமென்று அஞ்சுவோர் புனைபெயரில் வெளியிடலாம். சட்டம் புனைபெயர்ப் படைப்புகளுக்கும் பாதுகாப்பு அளிக்கிறது. 2024இல் பெரும் வெற்றி பெற்ற ‘பலாட்ரோ’வை உருவாக்கியவர் புனைபெயரிலேயே அறியப்படுகிறார்.

‘தனியாள்’ என்னும் தொன்மம்

2016இல் வெளிவந்த ‘ஸ்டார்டியூ வேலி’யின் நிரல், ஓவியம், இசை அனைத்தையும் எரிக் பரோன் ஒருவரே உருவாக்கினார் என்பது தொடக்கநிலையாளர் அனைவரும் கேட்கும் வெற்றிக்கதை. அது உண்மைதான். அதற்கு ஏறத்தாழ நாலரை ஆண்டுகள் ஆயின. அக்காலத்தில் அவர் ஓர் அரங்கில் பகுதிநேரமாக வேலை பார்த்தார், அவருடைய இணையரின் வருமானமும் வீட்டைத் தாங்கியது என்பவையும் உண்மை. மென்பொருள் இலவசமாகக் கிடைக்கலாம். நேரம் அவ்வாறு கிடைப்பதில்லை. கல்விக் கடனும் குடும்பத்தின் எதிர்பார்ப்பும் தோளில் இருக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரியிடம் நாலரை ஆண்டு ஓய்வு இல்லை. அது அவரது திறமைக் குறைவு அன்று; தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த சொத்து யாரிடம் உள்ளது என்பதன் விளைவு.

ஆகவே, முதல் விளையாட்டைப் பத்து நிமிடத்தில் ஆடி முடிக்கக்கூடியதாக அமையுங்கள். ஒரு மாதத்துக்குள், வார இறுதிகளில் மட்டும் உழைத்து முடிக்கக்கூடிய அளவே போதும். முடிக்கப்படாத பெரிய கனவைவிட, குறைகளோடு முடிக்கப்பட்ட சிறிய விளையாட்டு அதிகம் கற்றுத்தரும். அதை இட்ச்.ஐஓ தளத்தில் கட்டணமின்றி வெளியிடலாம்; அங்கு வருவாயில் தளத்துக்கு எவ்வளவு பங்கு என்பதைப் படைப்பாளியே முடிவு செய்கிறார். ஸ்டீம் தளத்துக்கு ஒவ்வொரு விளையாட்டுக்கும் 100 டாலர் முன்பணம் தேவை. விற்பனையில் பொதுவாக 30 விழுக்காட்டையும் அது எடுத்துக்கொள்கிறது. முதல் விளையாட்டுக்கு அது வேண்டாம். இதையே உடனடி வருவாய்க்கான வழியாக நம்பிப் படிப்பையோ வேலையையோ விடவும் வேண்டாம்.

நம் இயக்கங்கள் இங்கு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இரவுப் பாடசாலைகளையும் நூலகங்களையும் கட்டியெழுப்பிய மரபு நம்முடையது. அம்பேத்கர் பெயரிலான படிப்பகங்களிலும் கல்லூரி வாசகர் வட்டங்களிலும் இரண்டு கணினிகளும் வாரத்துக்கு ஒரு மாலையும் ஒதுக்கினால், நேரம் என்னும் முதலைக் கூட்டாகத் திரட்ட முடியும். ஒருவர் நிரல் எழுத, ஒருவர் வரைய, ஒருவர் தம் ஊரின் வழக்கைச் சொல்ல, உரிமை யாருக்கு என்பதை முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுவிட்டுத் தொடங்கலாம்.